‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ ஏன் வரக்கூடாது? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி_நர்ஸ் (இரவு 9.14)

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து வேலைக்காக ஓஇடி பரீட்சைக்குப் (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் பயமில்லை. எழுத்துதான் இடிக்கிறது. ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்து, அவரை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்கு லெட்டர் எழுதச் சொல்வார்கள். மொத்தம் 45 நிமிஷம். அதில் முதல் 5 நிமிஷம் படிக்க மட்டும். 180 முதல் 200 சொல்லுக்குள் முடிக்க வேண்டும்.

போன வாரம் எழுதிய லெட்டரில் ஒரு வரி: ‘ஐ டிஸ்கஸ்டு அபவுட் தி இன்சுலின் டோஸ் வித் ஹிஸ் டாட்டர்’. பயிற்சி வகுப்பில் ‘அபவுட்’டை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அடித்துவிட்டார்கள். அதற்கு முந்தின லெட்டரிலும் இதே வட்டம். ஏன் என்று கேட்டால், ‘வராது, அவ்வளவுதான், மனப்பாடம் பண்ணிக்கோங்க’ என்கிறார்கள்.

‘டாக் அபவுட்’ சரி. ‘ஸ்பீக் அபவுட்’ சரி. ‘டிஸ்கஷன் அபவுட்’ கூட சரியாம். அப்படியிருக்க ‘டிஸ்கஸ் அபவுட்’ மட்டும் எப்படித் தப்பாகும்? எட்டு வருஷமாக, ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸுக்கு எழுதிவைக்கும் ஹேண்டோவர் நோட்டில் இப்படித்தான் எழுதுகிறேன், எங்கள் வார்டில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். காரணம் புரிந்தால்தான் என் கை நிற்கும் போலிருக்கிறது.

ராணிப்பேட்டை_ஷிப்பிங் (இரவு 9.41)

அக்கா, காரணம் எனக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு கூரியரே வீணாகப் போனது, அதைச் சொல்கிறேன்.

ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போடும் வேலை எனக்கு. ஜெர்மனி பையர் ஒருவர் நாலு ஷேட் கார்டு (நிற மாதிரி அட்டை) அனுப்பியிருந்தார். நாலையும் எடுத்துக்கொண்டு ஃபினிஷிங் ஆட்களோடு உட்கார்ந்து பேசி முடித்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில் மெயில் போட்டேன்: ‘வி டிஸ்கஸ்டு அபவுட் ஃபோர் ஷேட்ஸ் வித் அவர் ஃபினிஷிங் டீம்’.

சனிக்கிழமை காலையில் பதில் வந்திருக்கிறது. நான் திங்கட்கிழமைதான் பார்த்தேன். ‘சுமார் நாலு என்றால் என்ன அர்த்தம்? நான் அனுப்பியது சரியாக நாலு. ஒன்று உங்களுக்கு வந்து சேரவில்லையா? வராவிட்டால் இன்றே இன்னொன்று கூரியரில் போடுகிறேன்’ என்று கேட்டிருக்கிறார். பதில் வராததால் அவராகவே மறுபடி ஒரு செட் கூரியரும் போட்டுவிட்டார்.

எண்ணுக்கு முன்னால் ‘அபவுட்’ வந்தால் ‘சுமார்’ என்று படிப்பார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நான் எழுதியது ‘நாலு ஷேடைப் பற்றி’. அவர் படித்தது ‘சுமார் நாலு ஷேடை’. அவர் படித்ததுதான் இலக்கணப்படி சரி.

குடியாத்தம்_வாத்தியார் (இரவு 10.20)

தம்பி சொன்னது ரொம்ப நல்ல உதாரணம். இதைவிட நல்லதாக வகுப்பில் நான் ஒன்று சொன்னதில்லை.

காட்பாடி அம்மாவுக்கு: முப்பத்தோரு வருஷம் குடியாத்தத்தைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, ‘சார், பற்றின்னு சொல்லாம எப்படி சார் பேசுறது?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்குள்ளேயேதான் விஷயம் இருக்கிறது. அன்று ராத்திரி முழுக்க யோசித்து மறுநாள் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தமிழில் ‘பேசு’ என்றால் பெரும்பாலும் ‘பற்றி’ வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். ஆனால் எப்போதுமா? பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் நில்லுங்கள். டீக்கடை ஓரமாக நாலு பேர் ‘மாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்’. போன வாரம் என்ன போச்சு, மழை வந்தால் இறங்குமா என்று. அவர்களில் யாரும் மாடு வாங்க வந்தவராக இருக்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி இரண்டு பேர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து ‘விலை பேசிக்கொண்டிருப்பார்கள்’. இங்கே ‘பற்றி’ இல்லை. போட்டால் அர்த்தமே மாறிவிடும். விலையைப் பற்றிப் பேசுகிறவர் விலைக்கு வெளியே நிற்கிறார். விலை பேசுகிறவர் விலையில் கை வைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் ‘டாக் அபவுட்’ டீக்கடைப் பேச்சு மாதிரி. ‘டிஸ்கஸ்’ துண்டுக்கடியில் விரல் பிடிப்பது மாதிரி. அது பொருளை நேராகப் பிடித்துக்கொள்ளும் வினை. நடுவில் இன்னொரு சொல் வந்து பிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நாம் எங்கே தடுக்கி விழுகிறோம் என்றால், ‘டிஸ்கஸ் என்றால் பற்றி விவாதி’ என்று மனதுக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தப் ‘பற்றி’ ‘அபவுட்’ ஆக இறங்கிவிடுகிறது. நான் பிள்ளைகளுக்கு ‘டிஸ்கஸ் என்றால் அலசு’ என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ‘பிரச்சினையை அலசினோம்’ என்போம். ‘பிரச்சினையைப் பற்றி அலசினோம்’ என்று யாருக்கும் வாயில் வராது. எதை அலசினாய்? இன்சுலின் டோஸை. ‘ஐ டிஸ்கஸ்டு தி இன்சுலின் டோஸ் வித் ஹிஸ் டாட்டர்.’ முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிற விஷயம். ‘டிஸ்கஸ்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘டிஸ்’ என்றால் பிரித்து, ‘குவாட்டெரே’ என்றால் உலுக்கு. உலுக்கிப் பிரித்துப் பார்ப்பதுதான் மூலப் பொருள். நாம் துணியைத் தண்ணீரில் போட்டு உலுக்கி அழுக்கைப் பிரிப்பதை அலசுவது என்கிறோம், அதே சொல்லைப் பேச்சுக்கும் வைத்துக்கொண்டோம். இரண்டு மொழிக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன.

ராணிப்பேட்டை_ஷிப்பிங் (இரவு 10.33)

சார், இது எனக்கு அப்படியே கண்ணில் தெரிகிறது. தோல் பதனிடும் டேனரியில் உப்புத் தோல் வந்ததும் முதல் வேலை அதுதான். டிரம்மில் தண்ணீர் விட்டுத் தோலைப் போட்டுச் சுற்றவிட்டு அலசினால் உப்பும் ரத்தமும் அழுக்கும் தனியாகப் பிரிந்து வந்துவிடும். தோலை அலசு, ஷேடை அலசு. இனிமேல் மறக்காது.

காட்பாடி_நர்ஸ் (இரவு 10.47)

சார், ரொம்ப நன்றி. தலையில் அடிபட்டால் ‘கன்கஷன்’ என்போம். டாக்டர் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பது ‘பெர்கஷன்’. இதெல்லாம் அந்த ‘குவாட்டெரே’ குடும்பம்தானா?

குடியாத்தம்_வாத்தியார் (இரவு 10.52)

அதே குடும்பம்தான் அம்மா. நீங்கள் தினமும் புழங்குகிற சொற்கள். நல்லாப் பிடித்தீர்கள்.

சத்துவாச்சாரி_கோடர் (காலை 7.05)

மன்னிக்கணும் சார், எனக்கு இதில் வேறு கருத்து. நம் நாட்டில் படித்தவர்கள் எத்தனையோ பேர் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. நைஜீரியா, கென்யா, சிங்கப்பூர் எங்கே போனாலும் இதே வழக்கு இருக்கிறது. மொழியியல் ஆட்களே இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாட்டு மக்கள் ஒரே மாதிரி பேசினால் அது எப்படித் தப்பு? அது ஒரு வழக்கு, அவ்வளவுதான். லண்டன்காரர் எப்படி எழுதுகிறாரோ அப்படியேதான் நாமும் எழுதணும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்காக்காரர்களும்தான் மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டிஷ்காரர் ‘அப்பீல் அகென்ஸ்ட் தி வெர்டிக்ட்’ என்பார், அமெரிக்கர் ‘அப்பீல் தி வெர்டிக்ட்’ என்று பிரெபொசிஷனையே (‘அபவுட்’, ‘டு’, ‘ஃபார்’ மாதிரி பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல்) தூக்கிவிட்டார். பிரிட்டனில் ‘ரைட் டு மீ’, அமெரிக்காவில் ‘ரைட் மீ’. பிரிட்டனில் ஒருவரை ‘மீட்’ பண்ணினால் போதும், அமெரிக்காவில் ‘மீட் வித்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சேர்த்தால் வழக்கு, நாம் சேர்த்தால் பிழையா?

குடியாத்தம்_வாத்தியார் (காலை 8.30)

நியாயமான கேள்வி தம்பி. நீங்கள் சொன்ன உதாரணம் எல்லாமே சரி. வகுப்பில் பேசும்போது ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று வந்த எந்தப் பிள்ளையையும் நான் நிறுத்தித் திருத்தியதில்லை. பேச்சில் அது யாரையும் கெடுக்காது. நூறு வருஷம் கழித்து உலகம் முழுக்க அதுவே சரி என்று ஆனாலும் ஆகலாம்.

ஆனால் எழுதியதை யார் படிக்கப்போகிறார் என்று ஒன்று இருக்கிறதே. ராணிப்பேட்டைத் தம்பியின் மெயிலைப் படித்தவருக்கு நம் வழக்கு தெரியாது. அவர் பக்கத்து வழக்கில் அந்தச் சொல்லுக்கு ‘சுமார்’ என்று வேறு ஒரு வேலை இருக்கிறது. இந்த அம்மா எழுதும் லெட்டரில் மருந்து அளவு இருக்கிறது. ‘வி டிஸ்கஸ்டு அபவுட் டென் யூனிட்ஸ்’ என்று ஒரு வரி போனால், படிக்கிற நர்ஸ் ‘சுமார் பத்து யூனிட்’ என்றுதானே எடுத்துக்கொள்வார்? இன்சுலினில் சுமார் என்று ஒன்று உண்டா? அந்த இடத்தில் எனக்கு வழக்கு, உரிமை எல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

சத்துவாச்சாரி_கோடர் (காலை 8.44)

இன்சுலின் விஷயம் யோசிக்கவில்லை சார். ஏற்றுக்கொள்கிறேன். பேச்சுக்கு என் கட்சியே, எழுத்துக்கு உங்கள் கட்சி.

ஆரணி_பட்டு (காலை 9.10)

நான் ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கிறேன். ‘ஐ ஆர்டர்டு ஃபார் டூ சாரீஸ்’ என்றுதான் பாதிப் பேர் எழுதுகிறார்கள், நானும் பதிலுக்கு அப்படியே எழுதுகிறேன். அப்புறம் ‘வி ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்’ என்றும் எழுதுவேன். இதுவும் அந்தக் கேஸ்தானா?

குடியாத்தம்_வாத்தியார் (காலை 9.38)

அதே கேஸ். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் பத்துச் சொல்லை ஒன்றாக மாற்றிவிடலாம்.

பெயர்ச்சொல்லாக இருக்கும்போது அதற்குப் பிரெபொசிஷன் வேண்டும். ‘அன் ஆர்டர் ஃபார் டூ சாரீஸ்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்’, ‘எ டிஸ்கஷன் அபவுட் தி டோஸ்’, ‘எம்ஃபசிஸ் ஆன் கிளென்லினெஸ்’. பெயர்ச்சொல்லுக்குக் கை கிடையாது, தானாக எதையும் பிடிக்க முடியாது. அதே சொல் வினையாக மாறினதும் கை முளைத்துவிடுகிறது. ‘ஐ ஆர்டர்டு டூ சாரீஸ்’, ‘வி ரிக்வெஸ்ட் பேமென்ட்’, ‘ஷீ எம்ஃபசைஸ்டு கிளென்லினெஸ்’. நாம் என்ன செய்கிறோம், பெயர்ச்சொல்லோடு பழகிய பிரெபொசிஷனை வினைக்கும் கையோடு இழுத்து வந்துவிடுகிறோம். காட்பாடி அம்மா முதலில் கேட்டதே அதுதான்: ‘டிஸ்கஷன் அபவுட்’ சரியென்றால் ‘டிஸ்கஸ் அபவுட்’ ஏன் தப்பு என்று.

எல்லா வினைக்கும் இது பொருந்திவிடாது, ஜாக்கிரதை. ‘ரிப்ளை’ வினையாக இருந்தாலும் ‘டு’ கேட்கும்: ‘ஐ ரிப்ளைடு டு யுவர் மெயில்’. ‘ஆன்சர்’ கேட்காது: ‘ஐ ஆன்சர்டு யுவர் மெயில்’. ‘டிபெண்ட்’ ஆனால் ‘ஆன்’ இல்லாமல் நகராது.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘தி டோஸ் வாஸ் டிஸ்கஸ்டு.’ முழுசாக நிற்கிறது. ‘தி டோஸ் வாஸ் டாக்டு’ என்று சொல்லிப் பாருங்கள், நொண்டுகிறது. ‘டாக்டு அபவுட்’ என்றால்தான் நிமிர்கிறது. திருப்பிப் போட்டபோது எது கூட இல்லாமல் வாக்கியம் நொண்டவில்லையோ, அது நேராக எழுதும்போதும் வேண்டாம்.

பாகாயம்_டு_லீட்ஸ் (மதியம் 1.25)

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். பாகாயத்தில் நர்சிங் படித்துவிட்டு இப்போது லீட்ஸில் வார்டில் இருக்கிறேன். காட்பாடிச் சிஸ்டர், ‘அபவுட்’ இன்னொரு இடத்திலும் உங்களை மாட்டிவிடும். ‘கம்ப்ளெய்ன்’ எப்படி எழுதுகிறீர்கள்?

காட்பாடி_நர்ஸ் (மதியம் 2.02)

‘தி பேஷண்ட் கம்ப்ளெய்ண்டு அபவுட் செஸ்ட் பெயின்’ என்று எழுதுவேன் சிஸ்டர். அதுவும் தப்பா?

பாகாயம்_டு_லீட்ஸ் (மதியம் 2.15)

சாதாரணப் பேச்சில் அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மருத்துவ எழுத்தில் ‘கம்ப்ளெய்ண்டு ஆஃப் செஸ்ட் பெயின்’ என்பதுதான் வழக்கம். வித்தியாசம் இதுதான். ஒரு ஐயா ராத்திரி பெல் அடித்துக் கூப்பிட்டு, ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி வலிக்குதும்மா’ என்கிறார். அது ‘ஆஃப்’. பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர், ‘இட்லி ஆறிப்போய் வருது, ஃபேன் சத்தம் போடுது’ என்கிறார். அது ‘அபவுட்’. உடம்பில் இருக்கும் உபாதைக்கு ‘ஆஃப்’, வெளியில் இருக்கிற குறைக்கு ‘அபவுட்’. தமிழில் முதலாமவரை ‘குறை சொன்னார்’ என்று நாம் சொல்லவே மாட்டோமே? வலிக்கிறது என்றார், அவ்வளவுதான்.

இங்கே இப்போது நிறையப் பேர் அந்த ‘கம்ப்ளெய்ன்’ என்ற சொல்லையே தவிர்க்கிறார்கள். வலியோடு வந்தவரைப் பார்த்துப் புகார் சொன்னார் என்பது மரியாதையாக இல்லை என்று. ‘ஹி ரிப்போர்டட் செஸ்ட் பெயின்’ என்று எழுதுகிறோம். கவனித்தீர்களா, ‘ரிப்போர்ட்’டும் வாத்தியார் சார் சொன்ன கை முளைத்த வினைதான். ‘ரிப்போர்டட் அபவுட்’ கிடையாது. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவர் புகார் சொல்லவில்லை, நமக்குச் சேதி சொல்கிறார்.

இன்னும் ரெண்டு. ‘எக்ஸ்ப்ளெய்ண்டு ஹெர் தி டயட்’ வராது, ‘எக்ஸ்ப்ளெய்ண்டு தி டயட் டு ஹெர்’. அவளுக்கு என்பதில் உள்ள ‘கு’தான் அந்த ‘டு’. ‘அட்மிட்டட் டு’, ‘டிஸ்சார்ஜ்டு ஃப்ரம்’, ‘டயக்னோஸ்டு வித்’ இந்த மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும்.

காட்பாடி_நர்ஸ் (இரவு 8.50)

டியூட்டி முடிந்து வந்து அந்த லெட்டரை மறுபடி எழுதினேன். ஒரு பத்தியை மட்டும் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

‘மிஸ்டர் கே வாஸ் அட்மிட்டட் டு அவர் வார்டு ஆன் மண்டே. ஹி ரிப்போர்டட் டிஸ்ஸினெஸ் அண்ட் ஸ்வெட்டிங் பிஃபோர் மீல்ஸ். ஐ டிஸ்கஸ்டு தி இன்சுலின் டோஸ் வித் ஹிஸ் டாட்டர் அண்ட் எக்ஸ்ப்ளெய்ண்டு டு ஹெர் ஹவ் டு ரெககனைஸ் லோ ப்ளட் சுகர். ஐ ஆல்சோ எம்ஃபசைஸ்டு ஆன் ரெகுலர் மீல்ஸ்.’

‘டிஸ்கஸ்’ எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. மனதுக்குள் ‘டோஸை அலசினேன்’ என்று சொல்லிக்கொண்டேன், ‘அபவுட்’ வரவில்லை.

குடியாத்தம்_வாத்தியார் (இரவு 9.06)

அருமையாக இருக்கிறது அம்மா. ‘எக்ஸ்ப்ளெய்ண்டு டு ஹெர் ஹவ்’ என்ற இடம் ரொம்பப் பேர் கோட்டை விடுகிற இடம், சரியாகப் போட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும் ‘ஆன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘எம்ஃபசைஸ்டு ரெகுலர் மீல்ஸ்’. ‘வலியுறுத்தினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எதை?

காட்பாடி_நர்ஸ் (இரவு 9.11)

நேரத்துக்குச் சாப்பிடுவதை. அடித்துவிட்டேன் சார்.

ராணிப்பேட்டை_ஷிப்பிங் (இரவு 9.30)

சார், நானும் இன்று ஆபீஸில் எங்கள் மெயில் டெம்ப்ளேட் எல்லாவற்றையும் திறந்து உட்கார்ந்தேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ பதினோரு இடம், ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ ஆறு இடம், எல்லாம் திருத்தியாச்சு. ஒன்றில் சந்தேகம். எல்லா மெயிலும் ‘அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ என்றுதான் முடிகிறது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ‘வெயிட்’டுக்கு ‘ஃபார்’ வேண்டும் என்று தெரியும். ‘அவெயிட்’டுக்கு?

குடியாத்தம்_வாத்தியார் (இரவு 9.37)

வேண்டாம் தம்பி. ‘வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’, இல்லையென்றால் ‘அவெயிட்டிங் யுவர் ரிப்ளை’.

ராணிப்பேட்டை_ஷிப்பிங் (இரவு 9.40)

மாற்றிவிட்டேன் சார். ஜெர்மனிக்கு நாளைக் காலையில் போகிற மெயில்தான் முதல்.